கப்பலேறப் போன பைக்கும் ஒரு பிடி சாமையும்

அந்த மோட்டார் பைக்கை வெள்ளைக்காரம்மா பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வண்டி என்றால் கழுவுவார்கள், துடைப்பார்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். பல் பிரஷ்ஷால் யாராவது தேய்ப்பார்களா? அதுவும் இடது கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால்?

அவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள் இல்லை. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற மலைப்பாதையில், ஒரு வளைவில், ஜல்லியில் சறுக்கி விழுந்து கிடந்தாள். என் மகன் குட்டியானை ஓட்டுகிறான். சின்ன லோடு வண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கீழே புளி மூட்டை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தவன், இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிட்டு அவளையும் அவள் பைக்கையும் ஏற்றித் திரும்பவும் கீழே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டு, இனிமேல் கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஆஸ்திரேலியாக்காரி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு வருஷமாக அந்த பைக்கிலேயே தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, சென்னையில் வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு விமானத்தில் ஊருக்குப் போகலாம் என்று வந்தவள். கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வண்டியைக் கழுவ இடமும் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டாளாம். என் மகன் யோசிக்காமல், "எங்க வூட்டாண்ட ரெண்டும் கீது மேடம்" என்று சொல்லிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் அவள் பாஸ்போர்ட்டைக் காட்டி எழுதிவைத்துவிட்டு மேலே கூட்டி வந்தான். கப்பல் கம்பெனிவரைக்கும் பைக்கைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவதாகவும் பேசிவிட்டான்.

எனக்குப் புது மனுஷர்கள் முன்னால் பேச வராது. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அந்த அஞ்சு வருஷத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் எழுந்து நின்றிருக்கிறேனே தவிர, வாயைத் திறந்ததில்லை. வெள்ளைக்காரம்மா முதல் நாள் என்னைப் பார்த்து "அம்மா" என்று கும்பிட்டபோதும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் பார்க்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. அவள் செய்வதையெல்லாம் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் நாள், வண்டியின் மேல்மூடியெல்லாம் கழற்றிச் சாக்கில் பரப்பினாள். என் மகன் ஸ்பேனர் பிடித்தான். மருமகள் சோப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். செடிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கிவரச் சொல்லி, அதைக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் அடித்தாள். அப்புறம் பிரஷ். அதற்கப்புறம் என்னிடம் வந்து, தன் தலையைத் தொட்டு, என் கொண்டையைக் காட்டினாள். எனக்குப் பகீரென்றது. பார்த்தால், கொண்டை ஊசி கேட்கிறாள். கொடுத்தேன். அதைக் கொண்டுபோய், எஞ்சினுக்கு முன்னால் சல்லடை மாதிரி இருந்த தகட்டுக்குள் விட்டு நோண்ட ஆரம்பித்தாள்.

நோண்டியதை அங்கேயே தட்டிவிட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவள் ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எடுத்துவைத்தாள். பூச்சி இறக்கை, காய்ந்த மண், ஒரு புல் காம்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். செல்போனில் படம் பிடித்தாள். சாயங்காலம் அதையெல்லாம் பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்து என் அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டுப் போகவில்லை. முழுக்க எரிந்து முடிகிறவரைக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

மருமகளைத் தனியாகக் கூப்பிட்டேன். அவள் பன்னிரண்டாவது படித்தவள். செல்போனில் ஒரு பக்கம் இங்கிலீஷ் பேசினால் மறு பக்கம் தமிழில் சொல்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்.

"இன்னாடி அது, அடுப்புல போட்றா?"

"அழுக்கு அத்த. அவங்க தேசத்துக்குள்ள வேற ஊரு மண்ணு துளிகூடப் போவக் கூடாதாம். கப்பல்ல இருந்து எறக்கினதும் லைட் அடிச்சி சந்து சந்தாப் பாப்பாங்களாம்."

"மண்ணா? மண்ண எவன்டி கடத்துவான்?"

"கடத்தறதுக்கு இல்ல அத்த…"

"அப்ப அவ செருப்புல ஒட்டிக்கினு போவுதே, அந்த மண்ணு?"

"அதையும் கழுவிட்டுத்தான் போவணுமாம்."

நான் மேலே கேட்கவில்லை. நம்பவும் இல்லை. மருமகளுக்கு யார் எதைச் சொன்னாலும் சரிதான்.

அடுத்த நாள் டேங்கிலிருந்த பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கேனில் வடித்து என் மகனிடமே கொடுத்துவிட்டாள். பேட்டரி ஒயரையும் பிடுங்கிவிட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஓடாமல் செய்து ஒருத்தி எதற்கு ஊருக்கு அனுப்புவாள்? காலி டேங்கில் என்னவெல்லாம் பிடிக்கும்?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்திருந்தாள். மருமகள் குடிதண்ணீருக்குப் போயிருந்தாள். நான் மெதுவாக வண்டியிடம் போனேன். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரலை மடக்கி டேங்கைத் தட்டினேன். பழுத்த பழம் மந்தமாகக் கேட்கும், காய் கணீரென்னும். டேங்க் கணீரென்றது. ஆனால் பின்பக்கம், சீட்டை ஒட்டின இடத்தில் மட்டும் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது போலிருந்தது. காதை வைத்து இன்னொரு தடவை தட்டினேன். நிமிர்ந்தால், வெள்ளைக்காரம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறாள்.

கிட்டே வந்தாள். என்னைப்போலவே விரலை மடக்கி அவளும் ஒரு தட்டு தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிரித்தாள். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் ஒன்றும் இல்லாதவள் "என் வண்டியை ஏன் தட்டுகிறாய்" என்றுதானே கேட்பாள்? இவள் ஏன் கேட்கவில்லை?

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் ஒரே களம்தான். அவள் என்னைப் பார்த்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"இன்னாடி, வெள்ளக்காரிக்குத் தினமும் கேவுறு களி கிண்டிப் போட்றியாமே. ரெண்டாவது மருமவளா வெச்சிக்கப் போறியா?"

நான் சிரித்து வைத்தேன்.

"டயரக்கூட கழட்டிக் கழுவறா. உள்ள இன்னா வெச்சி அனுப்பறாளோ, எவ கண்டா? உன் புள்ள வண்டியில இல்ல போவுது. அவன் அப்பனாட்டம் அவனும்…"

அதோடு நிறுத்திக்கொண்டு முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் நிறுத்திய இடத்திலிருந்துதான் எனக்கு ஆரம்பமாகும்.

என் மகன் தூளியில் கிடந்த காலம் அது. என் வீட்டுக்காரர் எட்டு மூட்டைப் புளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் மூட்டைகளைக் குத்திப் பார்த்தபோது ஒரு மூட்டைக்குள் ஒரு முழச் சந்தனக் கட்டை இருந்தது. எனக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியாது சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பன்னிரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூட்டையில் கட்டை இருந்தது உண்மைதானே. ஆனால் அவர் அதற்கப்புறம் சாகிறவரைக்கும் ஒரு மூட்டைகூடக் கீழே கொண்டுபோகவில்லை. புளியை வந்த விலைக்கு மேலேயே தள்ளிவிடுவார். பஸ்ஸில் போனாலும் அந்தச் சாவடி வரும்போது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த மூட்டைகளில் புளி அடைத்தது நாங்கள் இரண்டு பேர். நானும் ஓரகத்தியும். நான் வைக்கவில்லை. அப்படியானால் யார் வைத்தது? நான் ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். பேச்சு வார்த்தை உண்டு, நல்லது கெட்டதுக்குப் போவோம், ஆனால் அவள் கை பட்ட மூட்டை எதையும் நான் மறுபடி அவிழ்த்துக் கொட்டிப் பார்க்காமல் வண்டி ஏற்ற விட்டதில்லை.

இப்போது என் மகன் அதே சாவடி வழியாக, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு போகப்போகிறான்.

அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"சந்தன மரம் இப்ப எங்கமா கீது இங்க? வேணும்னா நட்டுத்தான் வளக்கணும்" என்று சிரித்தான்.

"கட்டையா இல்லாம வேற இன்னாவா இருந்தா?"

"நான்தானமா ஒவ்வொரு நட்டா கழட்டி மாட்டனேன்? எனக்குத் தெரியாம இன்னா இருக்கப் போவுது?"

"உங்கப்பாவும் அவரே மூட்டைய தூக்கி ஏத்தினாரு."

அவன் முகம் மாறிவிட்டது. "வுடுமா" என்று எழுந்து போய்விட்டான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் சரக்கை நம் வண்டியில் ஏற்றும்போது, அதில் என்ன இருக்கிறது என்று நமக்கு நிச்சயமில்லை என்றால், சாமிமுன் வைத்தெடுத்த ஒரு பிடி சாமையை மஞ்சள் துணியில் முடிந்து, யாருக்கும் சொல்லாமல் அந்தச் சரக்குக்குள் போட்டுவிடுவோம். கள்ளச் சரக்காக இருந்தால் அந்த முடிப்போடு அது மலை தாண்டாது, எல்லைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். என் மாமியார் மாட்டுவண்டிக் காலத்தில் செய்தது. என் வீட்டுக்காரர் புளி ஏற்றிய அன்றைக்கு நாங்கள் முடிப்புப் போடவில்லை. சொந்தச் சரக்குக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

கிளம்புகிற அன்று காலையில் பைக்கை குட்டியானையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். அது இரண்டு வருஷம் ஓடின வண்டி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பட்டறையிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது மாதிரி இருந்தது. வெள்ளைக்காரம்மா சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த பள்ளத்தைக் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டு, பூட்டாமல் சாப்பிடப் போனாள். எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் பலகையில் கால் வைத்து ஏறினேன். எலுமிச்சம்பழ அளவு முடிப்பு. பள்ளத்தின் ஓரத்தில், ஒயர்களுக்குப் பின்னால், கை போகிற ஆழத்துக்குச் சொருகிவிட்டுச் சீட்டை மூடினேன். வெள்ளைத் துணியால் துடைக்கிற அளவுக்குச் சுத்தமான இடத்தில் நல்ல சாமையை, துவைத்த துணியில் கட்டி வைக்கிறோம், இதில் என்ன அழுக்கு இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மகனிடம், கண் மங்கலாகத் தெரிகிறது, திருப்பத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நானும் வருகிறேன் என்றேன். அவன் என்னை முன்னால் உட்காரவைத்தான். வெள்ளைக்காரம்மா பின்னால் பைக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவேன் என்று பலகையில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் கை சீட்டின் மேலேயே இருந்தது. ஏன் சீட்டின் மேல் வைத்திருக்கிறாள்?

அடிவாரத்துச் சாவடியில் இருந்தவர் என் மகனுக்குப் பழக்கமானவர்தான்.

"இன்னாபா, இன்னிக்குப் புளி இல்லியா? பைக் யாவாரமா?"

"மேடத்து வண்டி சார். கப்பலுக்குப் போவுது."

அவர் காகிதங்களைப் பார்த்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா கீதே, ஓட்டறதே இல்லியா?" என்று சிரித்தார். பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். கடைசியாக, "சீட்டையும் தொறந்து காட்டச் சொல்லு" என்றார். வெள்ளைக்காரம்மா சாவி போட்டுத் திறந்தாள். அவர் டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தபோது விரலில் என் மஞ்சள் முடிப்பு தொங்கியது.

"இன்னாபா இது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றான் என் மகன்.

அவன் குரல் அவன் அப்பாவுடைய குரல். அந்த வார்த்தையை அவர் சொன்னபோது நான் அங்கே இல்லை. இப்போது இருந்தேன்.

வெள்ளைக்காரம்மா தலையை ஆட்டி "நோ, நோ" என்றாள். சாவடிக்காரர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "சார், மஞ்சத் துணியில முடிஞ்சி ஒயருக்குப் பின்னால சொருகி வெச்சிக்கிறாங்க." அவருக்கு மேலதிகாரி, வயதில் பெரியவர் ஒருவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வந்தார். என் மகனைப் பார்த்து, "மொதல்ல வண்டி சாவியக் குடு" என்றார். அவன் கொடுத்தான்.

நான் இறங்கப் பார்த்தேன். எங்கள் குட்டியானையில் நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெளியே இருக்கிற பிடியை இழுக்கவேண்டும். இரண்டு தடவை வழுக்கியது. இறங்கிப் போய், "நான்தான்…" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஆயா, நீ வண்டியில உக்காரு" என்றார் பெரியவர்.

அதற்குள் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தவர், சீட்டுக்கு மேலே பிடித்தபடியே முடிச்சை இழுத்துவிட்டார். ஒரு பிடி சாமையும் சரசரவென்று பைக்கின் வயிற்றுக்குள் ஓடிவிட்டது.

வெள்ளைக்காரம்மா கத்தினாள். பத்து நாளில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானோ என்னவோ எனக்கும் சத்தம் வந்துவிட்டது.

"அது சாமை சார்! நான்தான் வெச்சேன். என் புள்ளைக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது. நான்தான் வெச்சேன்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"சாமைய எதுக்கு ஆயா இங்க வெச்ச?"

"சந்தேகம்."

"யார் மேல?"

நான் வெள்ளைக்காரம்மாவைக் காட்டினேன். "டேங்குல கட்ட கிட்ட வெச்சி அனுப்பறாங்களோன்னு… என் புள்ள மாட்டிக்குவானோன்னு…"

பெரியவர் துணியில் ஒட்டியிருந்த நாலு சாமையை வாயில் போட்டு மென்று பார்த்தார். "சாமைதான்" என்றார். பிறகு சாவியை என் மகனிடம் நீட்டினார். "எங்க வேலைய உங்கம்மா செஞ்சிட்டாங்க. கூட்டிக்கினு போபா."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் வெள்ளைக்காரம்மாவும் சிரிக்கவில்லை. அவன் மருமகளுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, போனை வெள்ளைக்காரம்மாவிடம் கொடுத்தான். மருமகள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. பிறகு மருமகள் குரல் எனக்கு வந்தது.

"அத்த, இன்னா அத்த பண்ணிட்டீங்க? மண்ணாவது கழுவிக்கலாமாம். வெதைதான் ரொம்ப மோசமாம், அவங்க நெலத்துல மொளச்சி பரவிடுமாம். ஒண்ணே ஒண்ணு ஆப்டாலும் வண்டிய உள்ள வுடமாட்டாங்களாம். அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்களாம். நாளைக்குக் காலையில கப்பல் கம்பெனியில குடுக்கணுமாமே!"

பைக்கை இறக்கிச் சாவடிக்குப் பக்கத்தில் மர நிழலில் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரம்மா நெற்றியில் கட்டுகிற விளக்கைக் கட்டிக்கொண்டு, சீட்டைக் கழற்றி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாமை எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் கறுப்பு ஒயருக்கும் நட்டுக்கும் நடுவில். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் கட்டுப் போட்ட கையாலேயே என் கையைத் தள்ளினாள். "நோ."

நியாயம்தான். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தேடி முடித்து அடுத்த இடத்துக்குப் போகும்போது, அவள் விட்டுவிட்ட ஒன்று ஒயர் மடிப்பில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. பேச வராதே. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அதன் நுனியால் அந்தச் சாமையைத் தள்ளி எடுத்து, அவள் விரித்திருந்த தாளில் வைத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து வைத்தேன். சாமையில் கல் பொறுக்கிப் பொறுக்கியே வயசானவள் நான். கறுப்பில் வெளுப்பு எனக்குத் தப்பாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தலையைத் திருப்பி, என் ஊசி போகிற பக்கம் விளக்கு விழுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாவடிக்காரர்களும் வந்து குனிந்து பார்த்தார்கள். "தோ, அந்த நட்டு சந்துல ஒண்ணு கீது பாரு ஆயா" என்றார் பெரியவர். போய்ப் பார்த்தால் பெயின்ட் பெயர்ந்த புள்ளி. யாரோ டீ வாங்கி வந்து வைத்தார்கள். ஆறியே போய்விட்டது.

"கண்ணு மங்கலா கீதுன்னியேமா" என்றான் மகன் முதுகுக்குப் பின்னாலிருந்து. நான் திரும்பவில்லை.

இனி இல்லை என்று ஆனதும் அவள் தாளை மடித்தாள். டீக்கடை அடுப்பைப் பார்த்தாள். சாமி முன் வைத்த சாமை. அதை எப்படி அடுப்பில் போடுவது? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். ஏதோ கேட்டாள்.

"இன்னாடா சொல்றாங்க?" என்றேன் மகனிடம்.

"வேற எங்கனா இன்னொன்னு வெச்சிருக்கியான்னு கேக்கறாங்க."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை. முன் சீட்டில் ஏறும்போதுகூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

நான் மேலே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. ஓரகத்தி களத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பேச்சுப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. என்னையே பார்த்தாள், அவ்வளவுதான்.

கப்பல் போய்ச் சேரப் பல வாரம் ஆகும் என்றார்கள். அத்தனை நாளும் சாமை புடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒயர் சந்து ஞாபகம்தான். ஒன்று உள்ளே நின்றிருக்குமோ? அங்கே பிடித்தால் அவள் யார் பேரைச் சொல்வாள்? என் மகன் பேரைத்தானே? மருமகளிடம் தினம் கேட்டேன். அவளுக்கே அலுத்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஓரகத்தி களத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது மருமகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். செம்மண் ரோட்டில் பைக். பக்கத்தில் கட்டில்லாத கையோடு வெள்ளைக்காரம்மா. "விளக்கு அடிச்சி ஒரு மணி நேரம் தேடினாங்களாம் அத்த. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். அம்மாகிட்ட சொல்லச் சொல்லிக்கிறாங்க." இன்னொரு படமும் இருந்தது. சீட்டைத் திறந்து அடியிலிருந்த பள்ளத்தை மட்டும் எடுத்தது. மருமகளிடம் பெரிசாக்கிக் காட்டச் சொல்லி, மூலை மூலையாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாவாம்?" என்றாள் ஓரகத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து.

"போய்ச் சேந்துடுச்சாம்கா."

"ஒண்ணும் ஆப்டலியா?"

"ஆப்டலியாம்."

அவள் நாலைந்து கொட்டை எடுத்துப் போட்டாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அந்தக் கட்டைய நான் வெக்கலடி."

எனக்கு முதலில் எந்தக் கட்டை என்றே விளங்கவில்லை. அப்புறம்தான் அந்தப் புளி மூட்டைச் சந்தனக் கட்டை என்று புரிந்தது.

"யாருக்கா உன்னைக் கேட்டா?"

"அதாண்டி. இத்தினி வருஷத்துல நீ ஒரு வாட்டிகூடக் கேக்கல."

மருமகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம்பினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் வைக்கவில்லை என்றால் வேறு யார் என்று மனசு அப்போதே அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை புளியை இழுத்துக்கொண்டு கொட்டை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவள் அடைத்து வைத்திருந்த மூட்டைக்குள் என் கை தானாகப் போய்த் துழாவியது. பழக்கம். அவள் பார்த்துவிட்டாள். மூட்டை வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, என் பக்கம் தள்ளி வைத்தாள்.